பிரதரன் சபைகளில் சிபாரிசுக் கடிதம்: எழுதுவதும் கொடுப்பதும் வாங்கிப் படிப்பதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தோன்றிய கிறிஸ்தவ இயக்கமான பிரதரன் (சகோதரர்) சபைகளில், பழைய சபை ஒன்றின் பதிவுகளில் "அங்கத்தினர் மாற்றம்" என்று தலைப்பிட்ட பக்கத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது கவனக்குறைவால் வந்ததில்லை. இரட்சிக்கப்பட்டவர் ஏற்கெனவே கிறிஸ்துவின் சரீரத்தில் அவயவம், அதற்குமேல் ஊர்ச்சபைக்கென்று தனியாக ஓர் அங்கத்துவம் எதற்கு என்பது 1820களின் கடைசியில் டப்ளினிலும், 1830களின் தொடக்கத்தில் பிளிமத்திலும் பிரிஸ்டலிலும் கூடிவந்தவர்களின் எண்ணம். அப்படியிருக்க, ஊர் பெயர்ந்து வருகிற ஒருவரை முன்பின் தெரியாத சபை எதை நம்பி அப்பம் பிட்கும் பந்தியில், அதாவது திருவிருந்தில், உட்கார வைக்கும்? அதற்குக் கண்ட வழிதான் சிபாரிசுக் கடிதம். தமிழ் வேதாகமத்தில் உபசார நிருபம் என்று வருவது இதுவே.

இந்தக் கடிதத்தைச் சாட்சி வாக்குமூலமாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். யார் சாட்சி சொல்கிறார்கள், எதைப்பற்றிச் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்ற மூன்றும் துலக்கமாக இருந்தால் கடிதம் தன் வேலையைச் செய்யும். 1848 முதல் இந்தச் சபைகளுக்குள் நடந்த பிரிவுகள் சிலவற்றைக் கிளறிப் பார்த்தால், யாரோ ஒருவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வந்ததும், அவரை ஏற்பதா வேண்டாமா என்று இந்த மூன்றில் ஒன்று குழம்பியதும் அடியில் கிடக்கும்.

வேதத்தில் எடுத்த மாதிரிகள்

நான்கு இடங்களை அவர்கள் அடிக்கடி காட்டுவார்கள். ரோமர் 16:1-2-ல் பவுல் பெபேயாளை ஒப்புவிக்கிறார். அவள் எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்பதும், அவளுக்கு உதவி தேவைப்படலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 18:27-ல் அப்பொல்லோ அகாயாவுக்குப் புறப்படும்போது எபேசுவிலிருந்த சகோதரர் சீஷர்களுக்கு எழுதுகிறார்கள். எழுதுவது ஒருவர் அல்ல, சகோதரர் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று கையெழுத்து வேண்டும் என்ற வழக்கம், இரண்டு மூன்று சாட்சிகள் என்ற வேதப் பிரமாணத்தோடு இதையும் சேர்த்துப் படித்ததால் வந்தது.

மூன்றாவது இடம் அப்போஸ்தலர் 9:26-27. சவுல் எருசலேமுக்குக் கடிதமில்லாமல் வருகிறார், எல்லாரும் பயப்படுகிறார்கள், பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் கொண்டுபோகிறார். கடிதம் இல்லையென்றால் கதவு அடைபட்டது என்று ஆகிவிடாது, நேரில் அறிந்த ஒருவரின் வாய்மொழியும் செல்லும் என்பதற்கு இது ஆதாரம். நான்காவது 2 கொரிந்தியர் 3:1. தன்னை நன்றாக அறிந்த கொரிந்தியரிடம் போகப் பவுலுக்குக் கடிதம் எதற்கு? அக்கம்பக்கத்துச் சபைகளில் எல்லாராலும் அறியப்பட்டவரிடம் ஒவ்வொரு முறையும் கடிதம் கேட்பது அநாவசியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வகைக் கடிதம்

சில நாள் பயணமாகப் போகிறவருக்கான கடிதம் ஒன்று. குடிபெயர்ந்தே போகிறவருக்கான கடிதம் இன்னொன்று. இந்த வேறுபாட்டைக் கடிதத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். பயணக் கடிதத்தில், போகும் ஊரில் எவ்வளவு காலம் தங்குவார் என்பது இருக்கும். அதைப் படித்தபின் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அடுத்த ஊரில் அதுவே அவருக்கு வேண்டியிருக்கும். குடிபெயர்வுக் கடிதத்தைப் பெறுகிற சபை தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

எந்த வகை என்று எழுதாமல் விட்டால் வரும் சிக்கல் சின்னதாகத் தெரியும், பின்னால் பெரிதாகும். அனுப்பிய சபை அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கும். பெற்ற சபை அவரை விருந்தாளி என்றே எண்ணும். ஒரு வருடம் கழித்து அவருக்கு நோய் வந்தாலோ, அவர் வழி தவறிப் போனாலோ, போய் விசாரிப்பது யார் பொறுப்பு என்று இரண்டு இடத்திலும் யாருக்கும் தெரியாது.

கடிதம் கொடுக்கும் முன்

ஊர் மாறுகிறவர் புறப்படும் நாளில் வந்து, சபையை நடத்தும் மூப்பரிடம் கையெழுத்துக் கேட்பது நல்லதல்ல. இரண்டு ஞாயிறு முன்பாவது சொல்லிவிட்டால், சபையில் அறிவிக்கவும், யாருக்காவது அவரோடு தீராத காரியம் இருந்தால் அது வெளிவரவும் இடமிருக்கும். கடிதம் சபையின் பேரில் போகிறது. ஆகவே சபைக்குத் தெரியாமல் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவது, நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், பொய்ச்சாட்சியின் ஓரத்தில் நிற்பது போலத்தான்.

மூப்பர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. அவர் இப்போது ஐக்கியத்தில், அதாவது பந்தியில் ஏற்கப்பட்டவராக, இருக்கிறாரா? கூட்டங்களுக்கு வருகிறாரா, அல்லது பேருக்கு மட்டும் இருக்கிறாரா? ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் நிலுவையில் உள்ளதா? குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே போய்ப் பேசச் சொல்லும் மத்தேயு 18-ன்படி, சகோதரர் யாரோடாவது பேசித் தீர்க்காமல் விட்ட வழக்கு உண்டா? இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் எழுதலாம்.

நடவடிக்கையில் இருப்பவர் கடிதம் கேட்டால் கொடுப்பதில்லை. இங்கேதான் பல மூப்பர்கள் தடுமாறுவார்கள். "போகிறவர் நிம்மதியாகப் போகட்டும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் நம் ஊரில் சண்டை ஓயும், அடுத்த ஊரில் தொடங்கும். கொடுக்காமல் விடுவதற்கான காரணத்தை அவரிடமே முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவர் போகும் ஊரின் மூப்பர்கள் கேட்டால், நேராகத் தபாலில் உள்ளதை உள்ளபடி, குறைத்தும் கூட்டியும் சொல்லாமல், எழுத வேண்டும். அவர் கையில் ஒட்டிய உறையில் குற்றப்பத்திரிகையைக் கொடுத்தனுப்புவது கீழ்த்தரமான காரியம். அவர் கையில் கொடுக்கும் கடிதம் அவரும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

தேதி முதலில். சாட்சி அந்தத் தேதி வரைக்கும்தான் பேசும். தேதியில்லாத கடிதம் எதையும் சொல்லவில்லை. அடுத்து அனுப்பும் சபை: ஊர்ப் பெயரோடு கூடிவரும் இடத்தின் பெயரும் வேண்டும், ஏனென்றால் ஒரே ஊரில் இரண்டு மூன்று கூட்டங்கள், அதுவும் ஒன்றோடொன்று ஐக்கியமில்லாதவை, இருப்பது பிரதரன் வரலாற்றில் சாதாரணம். பிறகு யாருக்கு எழுதுகிறோம் என்பது. குறிப்பிட்ட சபையின் பேர் எழுதுவதே நல்லது. போகும் ஊரில் எங்கே சேர்வார் என்று தெரியாதபோது, "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கூடிவருகிற பரிசுத்தவான்களுக்கு" என்று அந்த ஊரின் பெயரோடு எழுதுவது வழக்கம். ஊரே இல்லாமல் "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று எழுதினால் அது ஆயுள் முழுக்கச் சட்டைப்பையில் கிடக்கும் நற்சான்றிதழ் ஆகிவிடும்.

ஆளின் பெயரை முழுதாக எழுத வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஐக்கியத்தில் இருந்தால் இருவர் பெயரையும் தனித்தனியே எழுத வேண்டும். "இன்னாரும் குடும்பத்தாரும்" என்று எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. பந்தியில் ஏற்பது ஆள் ஆளாகத்தான். ஞானஸ்நானம் பெறாத வளர்ந்த மகனும் இந்த ஒரு சொல்லின் மறைவில் உள்ளே வந்துவிடுவான், அல்லது ஐக்கியத்தில் இருக்கும் மகள் வெளியே நிற்பாள். இன்னும் சேர்க்கப்படாத பிள்ளைகளைத் தனி வரியில், சுவிசேஷ வகுப்புக்கும் அன்பான கவனிப்புக்கும் ஒப்புவித்து எழுதலாம்.

அதன்பின் எவ்வளவு காலமாக ஐக்கியத்தில் இருக்கிறார், எதற்காக வருகிறார், எவ்வளவு காலம். கடைசியாக ஒப்புவிக்கும் வரியும் கையெழுத்தும். பதவியை எழுதத் தேவையில்லை: இங்கே மூப்பராக இருந்தவர் அங்கே போனவுடன் மூப்பர் ஆவதில்லை. அந்தச் சபை அவரைக் கொஞ்சக் காலம் பார்த்து, தானே உணர்ந்துகொள்ள வேண்டியது அது. வசனத்தில் போதிக்கும் வரமோ, பிள்ளைகளிடையே ஊழியம் செய்யும் திறமையோ இருந்தால் அதை ஒரு வரியில் சொல்வது வழக்கம், பெறுகிற சபைக்கும் அது பயன்படும்.

ஒரு மாதிரி:

"(நாள்)
(ஊர், கூடிவரும் இடம்)

(ஊர், இடம்)-ல் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கூடிவருகிற பரிசுத்தவான்களுக்கு,

கர்த்தருக்குள் பிரியமான சகோதரரே,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற சகோதரர் (முழுப்பெயர்), அவருடைய மனைவி சகோதரி (முழுப்பெயர்) ஆகிய இருவரும் (ஆண்டு) முதல் எங்களோடு சந்தோஷமான ஐக்கியத்தில் இருந்து அப்பம் பிட்டு வருகிறார்கள். வேலை மாற்றத்தின் காரணமாக உங்கள் ஊரில் குடியேறுகிறார்கள். கர்த்தருக்குள் பரிசுத்தவான்களுக்கேற்றபடி அவர்களை ஏற்றுக்கொண்டு, அவர்களுக்கு வேண்டிய உதவியைச் செய்யும்படி ஒப்புவிக்கிறோம். சகோதரர் ஞாயிறு பள்ளி ஊழியத்தில் எங்களுக்கு உதவியாக இருந்தார். அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் இன்னும் ஐக்கியத்தில் சேர்க்கப்படவில்லை.

சபையின் சார்பில்,
(இரண்டு அல்லது மூன்று கையெழுத்து, பெயர், முகவரி)"

இதற்குமேல் நீட்ட வேண்டாம். புகழ்ச்சி கூடக்கூடப் படிக்கிறவருக்குச் சந்தேகம் கூடும். மன்னிக்கப்பட்டு முடிந்துபோன பழைய பாவங்கள், கடன், குடும்ப விவகாரம் எதுவும் உள்ளே வரக்கூடாது. இது சபையார் முன் உரக்கப் படிக்கப்படும் தாள். "எங்களுக்குத் தெரிந்தவரை" என்ற சொல்லையும் தவிர்க்க வேண்டும். தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் விசாரியுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனரோ தகப்பனாரோ என்றால், உறவினரல்லாத இரண்டு பேர் கூடவே கையெழுத்திடுவது முறை.

ஞாயிறு காலை, வாசலில்

கடிதம் கொண்டுவருகிறவர் கூட்டம் தொடங்கக் கால்மணி நேரம் முன்னதாகவே வர வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்தது. வாசலில் நிற்கும் சகோதரர் கடிதத்தை வாங்கி மூப்பரிடம் சேர்க்கிறார், மூப்பர் ஒருமுறை தனியே படித்துவிட்டு ஆராதனை தொடங்குமுன் சபையார் கேட்க வாசிக்கிறார். கூட்டம் முடிந்தபின் அறிவிப்போடு சேர்த்து வாசிக்கும் சபைகள் உண்டு. ஆனால் அதற்குள் அப்பமும் பாத்திரமும் கடந்து போயிருக்கும், கடிதத்தின் நோக்கமே அந்தப் பந்திதான்.

கடுமையான சபைகளில், குறிப்பாக ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும், இருக்கைகளே இதைச் சொல்லிவிடும். ஐக்கியத்தில் உள்ளவர்கள் மேசையைச் சுற்றி முன்னால், மற்றவர்கள் பின்னால். கடிதமில்லாமல் வந்தவர் விசுவாசியாகவே இருந்தாலும் அன்று பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதில் அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை என்று அந்தச் சபைகள் சொல்லும். ஆனாலும் வாசலிலேயே ஒருவர் அன்பாகக் காரணத்தைச் சொல்லாமல் வெறுமனே பின்வரிசையைக் கைகாட்டினால், வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். இதை எல்லாரும் அறிவார்கள், ஆனாலும் நடக்கிறது.

குடிபெயர்வுக் கடிதமாக இருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி: ஏற்றுக்கொண்டோம் என்று அனுப்பிய சபைக்கு ஒரு பதில். இரண்டு வரி போதும். இது வராதவரை அனுப்பிய சபை அவரைத் தன் பொறுப்பிலிருந்து எடுக்கக் கூடாது. இந்தப் பதிலை எழுத மறப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் அதிகம் நடப்பது.

கடிதம் இல்லாமல் வந்தால்

மூன்று விதமான ஆட்கள் இப்படி வருவார்கள். முதலாவது, கடிதத்தைத் தொலைத்தவர் அல்லது கேட்டு வாங்க மறந்தவர். அவருடைய சபைக்கு எழுதிப் பதில் வாங்க வேண்டும். அதற்குள் அந்தச் சபையை அறிந்த யாராவது இங்கே இருந்தால், பர்னபாவைப் போல அவர் வாய்மொழி சொல்லலாம். சொல்லுகிறவர் ஆளை நேரில் அறிந்திருக்க வேண்டும். "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்பது செல்லாது.

இரண்டாவது, வேறு சபைப்பிரிவிலிருந்து வருகிறவர். இவருக்கு எந்தக் கடிதமும் பொருந்தாது. இரண்டு சகோதரர் வீட்டுக்குப் போய் அவருடைய இரட்சிப்பின் சாட்சியையும் ஞானஸ்நானத்தையும் நடக்கையையும் கேட்டறிவார்கள். பிறகு ஒரு ஞாயிறு அவர் பெயரைச் சபையில் அறிவித்து, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க இடம்கொடுத்து, அடுத்த ஞாயிறோ அதற்குப் பிறகோ ஏற்பார்கள். ஓப்பன் பிரதரன் சபைகளில் (1848-ல் இயக்கம் இரண்டாகப் பிரிந்ததில் ஒரு பக்கம், கீழே வருகிறது) சில, ஒரு தடவை வந்துபோகும் விசுவாசியை அன்றே பந்தியில் ஏற்கும். வேறு சில ஏற்காது. இந்த வேறுபாடு இயக்கத்தின் தொடக்கத்திலிருந்தே வருகிறது. 1836 மார்ச் 10-ல், இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இன்னொரு தலைவரான ஜான் நெல்சன் டார்பிக்கு எழுதிய கடிதம் இதைப் பற்றியதுதான்: நம்மை ஒன்று சேர்த்தது கிறிஸ்துவில் உள்ள பொதுவான ஜீவன், எல்லாக் காரியத்திலும் ஒரே மாதிரியான வெளிச்சம் இருப்பதல்ல என்று அவர் நினைவூட்டி, இனி எதற்காக நிற்கிறீர்கள் என்பதைவிட எதை எதிர்க்கிறீர்கள் என்பதாலேயே நீங்கள் அறியப்படுவீர்கள் என்று எச்சரித்தார்.

மூன்றாவது ஆள் கஷ்டமானவர்: பக்கத்துச் சபையில் மனஸ்தாபப்பட்டு, அதே ஊருக்குள்ளேயே இடம் மாறி வருகிறவர். தூரத்து ஊர் ஆளைவிட இவருக்குத்தான் கடிதம் அதிகம் வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்குமுன் அந்தச் சபையின் மூப்பர்களைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். அவர்கள் பக்கம் தவறு இருக்கலாம், அதையும் கேட்டே தெரிந்துகொள்ள முடியும். பேசாமல் ஏற்றுக்கொண்ட சபைகள் சில வருடங்களில் பக்கத்துச் சபையோடு முகங்கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிடுவதைப் பார்க்கலாம்.

1848: ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வி இயக்கத்தையே பிளந்தது

பிளிமத் சபையின் முக்கியப் போதகரான பெஞ்சமின் வில்ஸ் நியூட்டனுக்கும் டார்பிக்கும் 1845-ல் பகை முற்றி, டார்பி தனியாகக் கூடத் தொடங்கினார். 1847-ல் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி நியூட்டன் போதித்தவை தவறு என்று பெரும் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார், அந்த ஆண்டின் கடைசியில் பிளிமத்தை விட்டும் போனார். ஆனால் அவருடைய கூட்டத்தோடு ஐக்கியத்தில் இருந்தவர்கள் 1848-ல் பிரிஸ்டல் பெதஸ்தா சபைக்கு வந்து பந்தியில் சேரக் கேட்டபோது, கேள்வி முழு இயக்கத்தின் கேள்வியாயிற்று.

பெதஸ்தா, ஜார்ஜ் முல்லரும் ஹென்றி கிரெய்க்கும் 1832-ல் தொடங்கிய சபை. வந்தவர்களை விசாரித்தார்கள், அந்தத் தவறான போதனையை அவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை என்று கண்டு ஏற்றார்கள். சபைக்குள் சிலர் எதிர்த்து விலகினார்கள். அப்போது முல்லர், கிரெய்க் உள்பட பத்துப் பேர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று சபையில் வாசிக்கப்பட்டது, "பத்துப்பேர் கடிதம்" என்று இன்றும் சொல்லப்படுவது. அதன் சாரம் இது: போதகர் அடிப்படையிலேயே தவறினவர் என்று வைத்துக்கொண்டாலும், அவருடைய போதனையின்கீழ் இருந்து வருகிறவர்களை, அவர்கள் அந்தத் தவறான போதனையைப் புரிந்துகொண்டு தாங்களும் பிடித்துக்கொண்டார்கள் என்று தெளிவாகும்வரை, தள்ள முடியாது.

டார்பி 1848 ஆகஸ்ட் 26-ல் சுற்றுக்கடிதம் ஒன்றில், பெதஸ்தாவிலிருந்து வருகிற யாரையும் ஏற்பது அந்தத் தீமையோடு சேர்வதற்குச் சமம் என்ற நிலையை எடுத்தார். அந்த ஆண்டின் கடைசியில் பெதஸ்தா பல சபைக்கூட்டங்கள் வைத்து நியூட்டனின் போதனையை ஆராய்ந்து, அதை ஆதரிக்கும் யாரையும் ஏற்பதில்லை என்று தீர்மானித்தபிறகும் பிளவு ஆறவில்லை. அன்றிலிருந்து பெதஸ்தாவின் பக்கம் ஓப்பன் பிரதரன், டார்பியின் பக்கம் எக்ஸ்க்ளூசிவ் பிரதரன்.

கடிதம் எழுதுகிறவருக்கு இதில் உள்ள நடைமுறை விஷயம் இது. ஓப்பன் சபையில் கடிதம் ஆளைப் பற்றிய சாட்சி, அவரை விசாரித்தால் போதும். எக்ஸ்க்ளூசிவ் சபையில் கடிதம் ஆளையும், அதை எழுதிய சபையையும், அந்தச் சபை யாரோடு ஐக்கியமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரே சொற்கள், ஒரே வேத வசனங்கள், ஆனால் எடை வேறு. இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் ஒரே கண்ணோடு படிக்கிறவர் தவறாகத்தான் படிப்பார்.

எக்ஸ்க்ளூசிவ் வட்டத்தில் நடைமுறை

ஒரு சபையின் தீர்மானம் எல்லாச் சபையையும் கட்டும் என்பதால், இவர்களுக்குத் தகவல் ஓட்டம் அதிகம் வேண்டியிருந்தது. லண்டனில் பல கூட்டங்களின் பொறுப்புள்ள சகோதரர்கள் சனிக்கிழமை மாலைகளில் லண்டன் பிரிட்ஜ் பக்கம் கூடி, யார் ஐக்கியத்துக்கு முன்மொழியப்பட்டார், யார் விலக்கப்பட்டார் என்ற அறிவிப்புகளைப் பரிமாறிக்கொண்டார்கள். மறுநாள் அவை நகரெங்கும் வாசிக்கப்பட்டன. ஓரிடத்தில் விலக்கப்பட்டவர் அடுத்த தெருவில் புகுந்துவிட முடியாது. பயணிகளுக்கென்று அச்சிட்ட முகவரிப் பட்டியலும் உண்டு. பட்டியலில் இல்லாத கூட்டத்திலிருந்து வந்த கடிதம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் செல்லாது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம், ஒரே ஊரில் இரண்டு கூட்டங்கள் "நாங்களே சபை" என்று நின்றால் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் அப்படி நடந்தது. எந்தக் கூட்டத்தின் கடிதத்தை ஏற்பது என்று ஒவ்வொரு ஊரும் முடிவு செய்தாக வேண்டிய நிலை. 1881-ல் லண்டன் பார்க் ஸ்ட்ரீட் கூட்டம் ஒரு பக்கத்தை ஏற்றது. எக்ஸ்க்ளூசிவ் வட்டத்தின் போதகர்களில் ஒருவரான வில்லியம் கெல்லியும் அவரோடு இருந்தவர்களும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை, பிரிவு உண்டாயிற்று. அந்தக் காலத்து எக்ஸ்க்ளூசிவ் கடிதம் ஒன்றைப் படிக்கும்போது அது 1881-க்கு முன்னா பின்னா என்று பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது. கெல்லியோடு நின்ற ஒரு கூட்டத்தின் கடிதம், அதே கையெழுத்துகளோடு, 1880-ல் செல்லும், 1882-ல் டார்பியின் பக்கத்துக் கூட்டங்களில் செல்லாது.

பதிவேடு

அங்கத்துவம் இல்லை என்றாலும் பெயர்ப்பட்டியல் வேண்டாம் என்று ஆகாது. கவனிக்க வேண்டியவர்கள் யார் என்று தெரியாமல் மேய்ப்பது எப்படி? முல்லர் தம் அறிக்கைகளில் பெதஸ்தாவின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் தந்தார். புதிதாக ஏற்கப்பட்டோர், நித்திரையடைந்தோர் (மரித்தோர்), பிரிஸ்டலை விட்டுப் போனோர், ஊரிலேயே இருந்தும் சபையை விட்டோர், ஒழுங்கு நடவடிக்கைக்குள்ளானோர் என்று பிரித்தே எழுதினார். இந்தப் பிரிப்பு இன்றைக்கும் போதும். ஒரு நோட்டில் பெயர், ஏற்கப்பட்ட தேதி, எங்கிருந்து, கடிதத்தின் தேதி, போன தேதி, எங்கே, பதில் வந்ததா என்ற கட்டங்கள் இருந்தால் கடிதம் எழுதுவது ஐந்து நிமிட வேலை. ஊரை விட்டவரையும் சபையை விட்டவரையும் ஒரே கட்டத்தில் போடுவதுதான் பின்னால் வருகிற மூப்பர்களைத் திணறடிக்கும். இருவரும் பட்டியலில் இல்லைதான், ஆனால் ஒருவருக்குக் கடிதம் உண்டு, இன்னொருவருக்கு இல்லை.

ஊழியருக்கான ஒப்புவித்தல் வேறு

முழுநேர ஊழியத்துக்குப் போகிறவரைச் சபை ஒப்புவிக்கும் கடிதத்தையும் இதையும் குழப்பக் கூடாது. அதில் சபை, இவரைக் கர்த்தர் இந்த ஊழியத்துக்கு அழைத்திருக்கிறார் என்று தானும் உணர்வதாகச் சொல்கிறது. பக்கத்துச் சபைகளும் சேர்ந்து கையெழுத்திடுவது சாதாரணம். ஊழியர் வெளிநாட்டிலேயே வாழ்ந்தாலும் அனுப்பிய சபையே அவருடைய தாய்ச்சபையாக நிற்கும். 1872-ல் "மிஷனரி எக்கோ" என்று தொடங்கிப் பின்பு "எக்கோஸ் ஆஃப் சர்வீஸ்" ஆன இங்கிலாந்துப் பத்திரிகையும் அதன் அலுவலகமும் செய்தியையும் காணிக்கையையும் சேர்த்துக் கொடுத்தனவே தவிர, ஆளை ஒப்புவிக்கும் அதிகாரம் சபையிடமே இருந்தது.

பழைய கடிதம் கையில் கிடைத்தால்

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இந்தக் கடிதங்கள் நல்ல தடயம். முதலில் அது எந்தப் பிரதரன் என்று பார்க்க வேண்டும். 1708-ல் ஜெர்மனியில் ஷ்வார்ஸெனவ் ஊரில் அலெக்சாண்டர் மாக்கோடு தொடங்கி, 1719-ல் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயரத் தொடங்கிய ஜெர்மன் பாப்டிஸ்ட் பிரதரன் முற்றிலும் வேறு மரபு. அவர்களுக்கு அங்கத்துவம் உண்டு, சபை எல்லைகள் உண்டு, வருடாந்தரக் கூட்டம் உண்டு. ஊர் மாறுகிறவர் சபை ஆலோசனைக் கூட்டத்தில் சான்றுக் கடிதம் பெற்று, புதிய சபையின் கூட்டத்தில் கொடுப்பார். இதுவரை பேசிய பிளிமத் மரபுக் கடிதத்தில் பெரும்பாலும் காணாத "அங்கத்தினர்" என்ற சொல் இவற்றில் இருக்கும். இவர்களுடைய ஆவணங்களுக்கு அமெரிக்காவில் எல்ஜின், இல்லினாய்ஸ் நகரில் உள்ள பிரதரன் வரலாற்று நூலகமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. பிளிமத் மரபுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள கிறிஸ்டியன் பிரதரன் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஆனால் தலைமை அலுவலகம் என்று ஒன்று இல்லாததால், கடிதங்களில் பல அந்தந்த ஊர் மூப்பரின் வீட்டுப் பெட்டியோடு போய்விட்டன.

கடிதத்தில் ஊரைவிடக் கூடிவரும் இடத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். அதை அந்தக் காலத்து முகவரிப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் எந்த வட்டம் என்று தெரியும். அடுத்து கையெழுத்துகள். அதே பெயர்கள் பத்து வருடம் கழித்து வேறொரு இடத்தின் கடிதத்தில் வந்தால், நடுவில் ஒரு பிரிவு நடந்திருக்கலாம். குடிபெயர்வுக் கடிதம் குடும்பத்தாரிடமே மிஞ்சியிருந்தால் அது ஒருவேளை கொடுக்கப்படாமலே போயிருக்கலாம், ஏனென்றால் கொடுத்திருந்தால் அது பெற்ற சபையிடம் தங்கியிருக்கும். அவர் அந்த ஊருக்குப் போனார் என்பதற்கு அதை மட்டும் ஆதாரமாக வைக்காமல், அங்குள்ள சபையின் நோட்டில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.